பாகாயத்தில் கூடத் தங்கியவர்கள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பஸ்கள் எங்கள் பெரியம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் மலைக்குப் போகும். பெரியம்மா மகனுக்கு, எனக்குத் தம்பி முறை, கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் எந்த பஸ் போயிற்று, எது இன்னும் வரவில்லை என்று தெரியும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் பஸ் தாமதமானால் திண்ணையில் உட்கார்ந்து அத்திமூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். வந்துவிட்டால் எழுந்து நின்று கை காட்டுவான். பலாப்பழமும் புளி மூட்டையும் ஏற்றி வருகிற மலைக்காரர்களில் பாதிப்பேர் அவனுக்குத் திருப்பிக் கை காட்டுவார்கள்.

அவன் 1985-ல் பிறந்தான். கண்கள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன, மூக்குத்தண்டு தட்டை, உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை. உடம்பு துணிபோலத் துவண்டது, பால் உறிஞ்ச முடியவில்லை. பிறந்த இடத்தில் ஒருவர் பெரியம்மாவிடம், "இது தேறாதும்மா. எங்கனா ஹோம்ல உட்டுடு, வேற புள்ள பெத்துக்க" என்று சொல்லி அனுப்பினார். பெரியம்மா இன்றும் அந்தப் பேச்சை அப்படியே சொல்லுவாள், ஒரு சொல் மாறாமல்.

நம் ஊரில் ஆட்டை மேய விடுகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம், விருந்தாளியை பஸ் ஸ்டாண்டில் விடுகிறோம். அதெல்லாம் திரும்பி வருகிற விடுதல். ஹோமில் விடுவது மட்டும் அப்படியில்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லைக் கொண்டுவந்து வைத்த ஓர் இடம் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், வேலூர் பாகாயத்தில் இருந்தது. அந்தச் சொல் 'தங்குவது'. அது எப்படிப் பிறந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 'விடுவது' எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். 1858-ல் லண்டனுக்குத் தெற்கே ஏர்ல்ஸ்வுட் என்ற பெரிய காப்பகத்துக்கு ஜான் லாங்டன் டவுன் என்ற இளம் மருத்துவர் பொறுப்பேற்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர்களை அடைத்துவைத்திருந்த இடம் அது. அவர் அடிப்பதை நிறுத்தினார். குளிக்கவைத்தார், மேஜையில் உட்கார்ந்து முள்கரண்டியால் சாப்பிடப் பழக்கினார், கைத்தொழில் சொல்லிக்கொடுத்தார். அங்கே ஒரே சாடையில் இருந்த சிலரைப் பார்த்து 1866-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சாடைக்கு அவர் ஓர் இனத்தின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் நூறு வருஷம் ஒட்டிக்கொண்டது. மங்கோலியா நாடே முறையிட்டபிறகு, 1965-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. மருத்துவரின் பெயரே நிலைத்தது: டவுன் சிண்ட்ரோம். காரணம் அதற்கு முன்பே, 1959-ல், பாரிஸில் தெரிந்துவிட்டிருந்தது. 21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று. தாய் செய்த பாவமும் இல்லை, கிரகணமும் இல்லை.

1868-ல் டவுனும் அவர் மனைவி மேரியும் நார்மன்ஸ்ஃபீல்ட் என்ற சொந்த இல்லத்தைத் தொடங்கினார்கள். வசதியான குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தன. தோட்டம், பட்டறை, 1879-ல் ஒரு நாடக அரங்கம்கூட. அந்தக் காலத்துக்கு இதைவிட அன்பான இடம் அபூர்வம். டவுன் 1896-ல் இறந்தார். 1905-ல் அவருக்கு ஒரு பேரன் பிறந்தான், அதே டவுன் சிண்ட்ரோமுடன். இந்தத் தகவலைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரார் பிள்ளைகளுக்காகக் கட்டின வீட்டு வாசலுக்கே சொந்தப் பேரனும் வந்து சேர்ந்தான்.

ஆனால் நார்மன்ஸ்ஃபீல்டிலும் அம்மா கேட்டுக்கு வெளியேதான். அன்பான கேட், அவ்வளவே.

நம் பக்கம் அந்த அன்புகூட வந்து சேரவில்லை. மதராஸில் 1794-லேயே பித்தர் விடுதி இருந்தது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. 1912-ன் பைத்தியச் சட்டம் பிறவியிலேயே அறிவு குன்றியவரையும் மனநோய் கண்டவரையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டது. ஆக, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இரண்டே இடம்: வீட்டின் பின்கட்டு, இல்லாவிட்டால் கீழ்ப்பாக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்க 1987-ன் மனநலச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்கு நெடுநாள் முன்பே, 1953-ல், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் கில்ட் ஆஃப் சர்வீஸ் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பால விஹார் பள்ளியைத் தொடங்கியது பெரிய காரியம். ஆனால் போளூரிலிருந்தும் ஜமுனாமரத்தூரிலிருந்தும் பார்த்தால் சென்னை வெகுதூரம்.

இப்போது பாகாயத்துக்கு வருகிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனவர்களுக்கெல்லாம் தெரிந்த கேள்வி ஒன்று உண்டு: "கூட யார் இருக்கீங்க?" நோயாளி கட்டிலில், கூட இருப்பவர் கட்டிலுக்கு அடியில் பாயில். பிளாஸ்க், தட்டு, மாற்றுப் புடவை, கம்பிச் சன்னலில் காயும் துண்டு. வெள்ளைக்கார டாக்டர்களுக்கு இது தலைவலி. கூட்டம், சத்தம், சுத்தமில்லை. ஆனால் மனநோய்க்கு வைத்தியம் பார்க்க வந்த சிலருக்கு இதுவே வைத்தியமாகப் பட்டது.

வடக்கே அமிர்தசரஸில், பிரிவினைக்குப் பின் லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட நோயாளிகளும் வந்து சேர, இடம் நெரிந்துபோயிருந்தது. ஆட்களும் போதவில்லை. அதன் தலைமை மருத்துவர் டாக்டர் வித்யாசாகர், 1950-களில், ராணுவத்திடமிருந்து பழைய கூடாரங்களைக் கேட்டு வாங்கி மருத்துவமனை வளாகத்தில் அடித்தார். நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தையும் அதில் தங்கவைத்தார். குடும்பம் கூட இருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள், வீட்டுக்கும் திரும்பினார்கள். இல்லாமையில் பிறந்த யோசனை, இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் வேலூரில். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் ஊருக்குத் தெற்கே, ஆரணி சாலையில் பாகாயத்தில். அங்கிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி போனால் ஜவ்வாது மலையின் அடிவாரம். மலைவாசிகளுக்கு 'வேலூர் ஆஸ்பத்திரி' என்றால் இந்த சி.எம்.சி.தான். ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவே இருக்கிறது. பாகாயத்தில் நடந்தது வேறு: கட்டிலில் படுக்கவைத்துப் பார்க்கிற வைத்தியம் போதாதவர்களுக்கு, கொஞ்ச காலம் வாழ்ந்து பழகுகிற இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே முளைத்தன.

முதலில் 1951-ல், தொழுநோயாளிகளுக்கு. கையை அறுவை செய்து, மடங்கிக் கிடந்த விரல்களை நிமிரவைத்துவிட்டார் டாக்டர் பால் பிராண்ட். விரல் நிமிர்ந்துவிட்டது, சரி, பிழைப்புக்கு? ஊர் சேர்க்கவில்லை, வேலை கொடுக்கவில்லை, பிச்சையெடுக்கவும் கை இப்போது போதுமான கோரமாக இல்லை என்று அவர்களே வந்து சொன்னார்கள். வளாகத்தில் மண்சுவர் குடிசைகள் எழுந்தன. நவஜீவ நிலையம். அங்கே தங்கி, மரவேலை பழகி, புண்படாமல் உளி பிடிக்கக் கற்று, திரும்பிப் போனார்கள். 1957-ல் கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸின் முயற்சியில் மனநல மையம். 1966-ல், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் தலைமையில் மறுவாழ்வு நிலையம். பதினைந்து வருஷத்துக்குள் மூன்று. மூன்றுக்கும் ஒரே அடிப்படை: வந்து தங்கு, கற்றுக்கொள், வீட்டுக்குப் போ.

மனநல மையத்தின் வழக்கம் எளிது. நோயாளி தனியாக வரமுடியாது. வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்கவேண்டும். சமையலும் துணி துவைப்பதும் அவர்களுடையது. பெரிய கேட்டும் நீண்ட கூடமும் இல்லாமல், குடும்பம் குடும்பமாக இருக்கும்படியான அறைகள். "கூட யார் இருக்கீங்க?" என்ற நம் ஊர்க் கேள்வி அங்கே சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டத்திலிருந்து பிறந்ததுதான் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான நம்பிக்கை நிலையம். பிள்ளையும் தாயும், சிலசமயம் தகப்பனும் பாட்டியும், சில வாரங்கள் அங்கே தங்குவார்கள். பிள்ளைக்குப் பயிற்சி ஒருபக்கம். பயிற்சி கொடுக்கக் கற்றுக்கொள்கிற பயிற்சி தாய்க்கு. டீச்சர் ஒருநாள் இல்லாமல் போவார், தாய் இருப்பாள் என்பதே கணக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியம்மா அவனைக் கூட்டிக்கொண்டு பாகாயம் போனாள். அவனுக்குப் பத்து வயதுக்கு மேல். வீட்டில் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளை எங்கள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் எடுத்துக்கொண்டு போனாள். நான் ஒருமுறை ஊறுகாய் ஜாடி கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று பார்த்ததை மறக்கமுடியாது.

சட்டைப் பொத்தான். அதுவரை பெரியம்மாதான் போட்டுவிடுவாள். அவசரம், பள்ளிக்கூட நேரம், அவன் கை மெதுவு. அங்கே சொல்லிக்கொடுத்த முறை தலைகீழ். கடைசி ஒன்றைத் தவிர எல்லாப் பொத்தானையும் தாயே போடவேண்டும். கடைசிப் பொத்தானையும் ஓட்டையில் பாதி நுழைத்துவிடவேண்டும். மிச்சப் பாதியை அவன் இழுக்கவேண்டும். இழுத்துவிட்டால் சட்டை போட்டு முடித்தது அவன். கைதட்டல் அவனுக்கு. அது கைவந்தபிறகு பாதி நுழைப்பதை அவனிடமே விடுவது. பிறகு மேலே உள்ள பொத்தான். கடைசியிலிருந்து தொடங்கி முதலுக்கு வருவது. இதற்குப் பெரிய பெயரெல்லாம் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இது: முதலிலிருந்து கற்றால் ஒவ்வொரு நாளும் தோல்வியில் முடியும், கடைசியிலிருந்து கற்றால் ஒவ்வொரு நாளும் ஜெயித்து முடியும்.

நான் போன அன்று அவன் மூன்றாவது பொத்தானில் இருந்தான். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, கட்டைவிரலால் தள்ளுகிறான், ஆள்காட்டி விரல் வழுக்குகிறது. பெரியம்மாவின் கை முன்னே போகிறது, பின்னே வருகிறது. "கை போவுதுடா, கட்டிப்போட்டாத்தான் ஆவும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். இரண்டு கைகளையும் மடியில் ஒன்றோடொன்று கோத்து இறுக்கிக்கொண்டாள். அவன் நுழைத்தான். பெரியம்மா அழுதாள். பக்கத்து அறைக்காரி, வாணியம்பாடிப் பக்கத்துப் பெண், தானும் பிள்ளையோடு வந்தவள், கைதட்டினாள்.

அந்தப் பக்கத்து அறைக்காரியையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். பத்து வருஷம் பெரியம்மா அவனைப்போல் இன்னொரு பிள்ளையைப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் ஜனம் அவனைப் பார்க்கும், அவளையும் பார்க்கும். பாகாயத்தில் எல்லாத் தாய்மாரும் ஒரே வரிசையில் தண்ணீர் பிடித்தார்கள்.

1999-ல் வேலூர் மருத்துவர்கள் பால் ரசல் முதலானோர் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 57 பெற்றோர். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் குழுவாக உட்கார்ந்து பேசிக் கற்கும் பயிற்சி. முடிவில் பிள்ளை வளர்ப்பு பற்றிய அவர்கள் எண்ணம் மாறியிருந்தது, விவரம் கூடியிருந்தது, எப்படிக் கையாளுவது என்பதில் தெளிவு வந்திருந்தது. ஆனால் அந்தக் குறையைப் பற்றிய அடிமனதின் எண்ணத்தில் மாற்றமில்லை. நேர்மையான முடிவு. பெரியம்மாவும் அப்படித்தான். அவன் பொத்தான் போட்டதற்கு ஊருக்கே சர்க்கரை கொடுத்தவள், சாமி கும்பிடும்போது மட்டும் இன்னும் அவனுக்காக மன்னிப்புக் கேட்பாள். யாரிடம், எதற்கு என்று நான் கேட்டதில்லை.

தங்கிக் கற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். வளர்ந்தார்கள். இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது: அவர்கள் சாகவில்லை.

இதைக் கடுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 1929-ல் இங்கிலாந்துக் கணக்கின்படி டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையின் சராசரி ஆயுள் 9 வயது. 1983-ல் அமெரிக்காவில் 25. இன்று வளர்ந்த நாடுகளில் 60-ஐ ஒட்டி வந்திருக்கிறது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். அறுவை சிகிச்சை அதைச் சரிசெய்கிறது. நெஞ்சுச்சளிக்கு மருந்து இருக்கிறது, தைராய்டுக்கு மாத்திரை இருக்கிறது. முன்பெல்லாம் தாய்க்கு முன்னால் பிள்ளை போய்விடும். இப்போது தாய் போய்ப் பிள்ளை இருப்பான். நாற்பதைத் தாண்டினால் பலருக்கு மறதிநோய் சீக்கிரமே வேறு வந்துவிடுகிறது.

ஆக, நாடு முழுக்க ஒரே கேள்வி எழுந்தது. பெரியம்மா கேட்டது இப்படி: "எனுக்கப்பறம் இவன யாரு பாப்பாங்க?" பாகாயத்தின் பதிலில் இதற்கு இடமில்லை. கூடத் தங்குபவரே இல்லாமல் போனால் கூடத் தங்கும் முறை என்ன செய்யும்?

வெறுமனே விட்டுவிடுவதன் முடிவு என்ன என்பதையும் இதே தமிழ்நாடு பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதிக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடமுடியாமல் வெந்து செத்தார்கள். அவர்களில் பலரை உறவினர்கள்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

எனக்கப்புறம் என்ற கேள்வியைச் சட்டமாக்கியவர்கள் பெற்றோர்கள்தான். ஊர் ஊராகச் சங்கம் வைத்து, மாநிலம் மாநிலமாகக் கூடி, டெல்லியில் முட்டிமோதினார்கள். 1999 டிசம்பர் 30-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும். மாவட்டம்தோறும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு. வயதுவந்த பிள்ளைக்கு அது சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கும். ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீட்டுக்கு நிராமயா. வாழ்நாள் முழுக்கத் தங்கும் இல்லங்களுக்கு ஒரு திட்டம், பெயர் கரௌந்தா.

இந்தியில் கரௌந்தா என்றால் குழந்தைகள் மண்ணைக் குவித்து விளையாட்டாகக் கட்டுகிற குட்டி வீடு. நம் மொழியில் அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சொல் இருக்கிறது: சிற்றில். பிள்ளைத்தமிழில் சிறுமிகள், சிறுவனைப் பார்த்து எங்கள் சிற்றிலைக் கலைக்காதே என்று கெஞ்சுவார்கள். டெல்லியில் அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நன்றாயிருக்கட்டும். இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை லேசாகக் கலைந்துவிடும் என்று தெரிந்தவர் வைத்த பெயர் அது.

கலையாமல் நிற்பவையும் உண்டு. 2013-ல் விழுப்புரம் மாவட்டம் குணமங்கலத்தில் கார்த்திகேயன் என்பவர் சிருஷ்டி கிராமத்தைத் தொடங்கினார். ஆதரவற்றோர் இல்லத்தில் வளரும் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனால் எங்கே போவான் என்ற கேள்வியில் பிறந்த இடம். அங்கே வயலும் மாடும் தோட்டமும் இருக்கின்றன. தங்குகிறவர்கள் விதைக்கிறார்கள், களையெடுக்கிறார்கள், பால் கறக்கிறார்கள். வந்து பார்த்துக்கொள்ளும் வேலையாளும் பார்த்துக்கொள்ளப்படும் ஆளும் என்ற கோட்டை முடிந்தவரை அழித்து வாழ்கிறார்கள். தாய் இல்லாதபோது 'கூடத் தங்குவது' எப்படி இருக்கும் என்பதற்கு என் கண்ணுக்குத் தெரிகிற பதில் இதுதான்.

மலைமேல் நிலைமை இன்னும் வேறு. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் சின்னச்சின்னவை, ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி. சி.எம்.சி.யின் சமூக நலப் பிரிவினர் வருஷக்கணக்காக அங்கே ஏறிப்போய் வைத்தியம் பார்க்கிறார்கள். ஆனால் மலைத்தாய் ஒருத்தி பிள்ளையோடு பாகாயத்தில் சில வாரம் தங்குவதென்றால்? சாமைக் கொல்லையை யார் பார்ப்பது, ஆட்டை யார் ஓட்டுவது, மற்ற பிள்ளைகளுக்கு யார் பொங்கிப்போடுவது, போன கூலிக்கு யார் பதில் சொல்வது? மாநில அரசு தருகிற மாதப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய். அதற்கான சான்றிதழுக்கே மலையிறங்க வேண்டும்.

ஆனாலும் மலையில் ஒன்றைக் கவனித்தேன். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் என் தம்பியின் முகச்சாடையோடே ஓர் இளைஞனைப் பார்த்தேன். தலையில் சுமை, பின்னால் ஒரு கிழவி. அவனைப் பார்த்து யாரும் நிற்கவில்லை, விலகவில்லை. புளி நிறுத்துக்கொண்டிருந்தவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூட்டையைப் பிடிக்கச் சொன்னார். அவன் பிடித்தான். மலைக்கென்று ஒரு தங்கும் இல்லம் வருமானால் அது அந்தச் சந்தைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவாகத் தோன்றியது. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வேலூரிலோ சென்னையிலோ எத்தனை நல்ல கட்டடம் கட்டி அவனைக் கொண்டுபோனாலும் அது விடுவதாகத்தான் முடியும்.

பெரியம்மாவுக்கு எழுபது ஆகிவிட்டது, முழங்கால் போய்விட்டது. சென்ற வருஷம் திருவண்ணாமலைக்குப் போய் காப்பாளர் மனு கொடுத்தோம். என் பெயரும் அவன் தங்கை ஒருத்தியின் பெயரும். விசாரணைக்கு அவனும் வரவேண்டும் என்றார்கள். காலையில் பெரியம்மா புதுச் சட்டையை எடுத்து வைத்தாள். நான் எடுத்துக்கொண்டு போட்டுவிடப் போனேன், பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெரியம்மா என் கையைப் பிடித்தாள்.

"உடு. அவனே போடுவான்."

ஏழு பொத்தான். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு போட்டான். நாங்கள் இரண்டுபேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஆறாவதில் இருக்கும்போது வாசலில் ஹாரன் கேட்டது. அவன் நிமிர்ந்து, "ஜம்னாமர்த்தூர்" என்றான். எங்கள் பஸ் அது இல்லை என்று அவனுக்குத் தெரியும். குனிந்து ஏழாவதைப் போட்டான்.